நாலு பேர் வீடு

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பரண் மேல் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணினால் திட்டாதே.

அண்ணன் அண்ணியைக் கூட்டி வந்த பிறகு நாங்கள் ஐந்து பேர். வாடகைப் பத்திரத்தில் நாலு பேர்தான். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் அப்பா, "சின்னவ அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா, அங்கதான் படிக்கிறா" என்று சொல்லிவிட்டார். அதனால் விடியும் முன்பே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறேன். அவர் டிவியை அணைத்த பிறகுதான் ஏறுகிறேன். லீவு நாளில் முழுக்கப் பரண்தான்.

பூகோள டீச்சர் இரண்டு பெருநகரங்களின் மக்கள்தொகையையும் வீடுகளையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார். நம் ஊரையும் உன் ஊரையும் எடுத்திருக்கிறேன். உன் வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், எத்தனை குழாய்?

பரீட்சை முடிந்ததும் அங்கேயே வந்துவிடட்டுமா? பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு.

உன் வாலு

மார்ச் 11

என் வாலுக்கு,

உன்னையா வாயை மூடி இருக்கச் சொன்னார்கள்? ஊரில் மழை கொட்டியிருக்குமே!

அறை இரண்டு. ஆள் நான் ஒருத்தி. குழாய் மூன்று. ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தூக்கும். இப்போதைக்கு வராதே, வெள்ளையடிக்கிறார்கள். நன்றாகப் படி.

அக்கா

மார்ச் 19, இரவு

அக்கா,

சென்ற கணக்கெடுப்பின் புத்தகத்தை டீச்சர் கொடுத்தார். நம் ஊரில் அறைக்கு மூன்று பேர், உன் ஊரில் இரண்டு. அப்பாடா என்றிருந்தது. பிறகு உன் தெருவைத் தேடினேன். குடியிருப்பு வீடு: பூஜ்யம். பெண்கள் விடுதி: பன்னிரண்டு. அறைக்கு எட்டுப் பேர்.

அப்பாவிடம் சொல்லவில்லை. கோபமும் இல்லை. எட்டுப் பேர் படுக்கிற இடத்தில் நான் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். இங்கே கீழே யாராவது செருமினால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன். மாதக் கடைசியில் புதுக் கணக்கெடுக்க வருகிறார்களாம். வீட்டுக்காரரும் கூடவே ஏறி வருவாராம். அதற்குள் என்னைக் கூப்பிட்டுக்கொள்.

வாலு

மார்ச் 25

வாலு,

அப்பாவிடம் சும்மா பெருமைக்கு ஆரம்பித்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் வீடு வளர்ந்துகொண்டே போனது. என் கட்டில்கூட முழுதாக என்னுடையதில்லை. பகலில் ஒரு நர்ஸ் அதில் தூங்குகிறாள். வார்டன் தினமும் தலையை எண்ணுகிறாள். ஒரு தலை கூடினால் நான் தெருவில் நிற்பேன்.

இங்கே நேற்றே எண்ண வந்தார்கள். "உங்க கூட யாராச்சும்?" என்று கேட்டார்கள். நீ என் நாக்கு நுனி வரை வந்தாய். "யாருமில்லை" என்றுவிட்டேன்.

கொஞ்ச நாள் பரணிலேயே இரு, கண்ணு. நீ வாயைத் திறந்தால் எல்லோருடைய கூரையும் போய்விடும்.

அக்கா

மார்ச் 31, இரவு

அக்கா,

இன்று பள்ளிக்கூடம் லீவு. கணக்கெடுக்க வந்தார்கள். எண்ண வந்தது ஓர் அம்மாள். வீட்டுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"எத்தனை பேருங்க?"

"நாலு," என்றார் அப்பா. "சின்னவ அவ அக்கா வீட்ல இருக்கா."

"அப்ப அங்க எண்ணியிருப்பாங்க."

"எண்ணியிருப்பாங்க."

எண்ணவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மாள் பேனாவை மூடப் போனாள்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றேன்.

ஏணி போட யாருக்கும் கை வரவில்லை. நானே குதித்தேன். முழங்காலில் ரத்தம். அந்த அம்மாள் என் வயதைக் கேட்டாள், சொன்னேன். வகுப்பைக் கேட்டாள், சொன்னேன். இன்னும் ஏதாவது கேட்கமாட்டாளா என்றிருந்தது.

வீட்டுக்காரர் பதினைந்து நாள் கெடு வைத்துவிட்டுப் போனார். அண்ணன், "திருப்தியா?" என்று மட்டும் கேட்டான். அம்மா என் முழங்காலைத் துடைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

அப்பா மட்டும் தெம்பாகத்தான் இருக்கிறார். "பெரியவ வீட்ல ரெண்டு ரூம் இருக்கே, எல்லாரும் அங்க போயிடலாம்" என்கிறார். டிக்கெட் விசாரிக்க நாளைக்குப் போகிறார்.

நான் சொல்லமாட்டேன் அக்கா. நீயே அவருக்கு எழுது.

வாலு