ஏழு நாள் சிறுதீ

பெரியவனோட அம்மாவுக்கு, நான் சொல்லச் சொல்ல முதலாளியோட டிரைவர் எழுதுகிறார். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

முதலாளி தோட்டத்தில் பீட்சா சுட விறகு அடுப்பு கட்டினேன். பீட்சா ஒன்றுமில்லை, மேலே சாமான் கொட்டின ரொட்டி. நமக்குக் கல்யாணமான வருஷம் பேக்கரிக்காரருக்குக் கட்டினேனே, அதே குவிந்த கூரை. "ஈரம் போக ஏழு நாள் சிறுதீ போடணும் ஐயா" என்றேன். "பெரியவரே, நான் வீடியோ பார்த்திருக்கேன்" என்று மறுநாளே விருந்து வைத்து, விறகை மலையாக அடுக்கிக் கொளுத்தினார். விருந்தாளிகளிடம் "நானே கட்டினது" என்று மார்தட்டினார். கூரை டமாரென்று பிளந்ததும் "இந்தக் கிழவன் கட்டினது" என்றார். கல்லில் போட்ட தோசைகூட அவர் பேச்சு மாதிரிப் புரளாது. எனக்குப் புருவம்தான் கொஞ்சம் கருகியது, பயப்படாதே.

திரும்பக் கட்டிக் காயவைத்துக் கொடுத்தால்தான் ஊருக்கு விடுவாராம். கட்டிவிட்டேன். இன்று மூன்றாம் தீ. தணலில் ஒரு ரொட்டி சுட்டுத் தின்றேன்; உப்பு கம்மி என்று சொல்ல ஆளில்லை. என் போர்வையை வெயிலில் போட்டு வை. இன்னும் நாலு தீதான், வண்டி ஏறிவிடுவேன்.

அதோ, முதலாளி பெரிய கட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போகிறார். நான் ஓடாவிட்டால் அந்த நாலு பதினாலாகிவிடும்.