எண்பத்தொன்பது முதல் நூறு வரை

வாகட், புனே
6 பிப்ரவரி 2008

அன்புள்ள ரவிக்கு,

கோதை எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். அந்தமானில், ஹேவ்லாக் தீவில் நீங்கள் சௌக்கியமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் கேட்டால் டவர் இல்லை என்பீர்கள், அல்லது ஒரு ஜோக் அடித்து நழுவிவிடுவீர்கள். உங்கள் முழுக்குக் கணக்கு எழுதிய லாக் புக்கைத் திருப்பி அனுப்பும் பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். அதைப் பிரிக்காமல் இருக்க மாட்டீர்கள்.

நம் அபார்ட்மெண்ட் சொசைட்டியில் மறுபடியும் தண்ணீர்த் தட்டுப்பாடு, நாளுக்கு மூன்று டேங்கர் வருகிறது. பாத்திரம் தேய்க்கும் வேலைக்காரப் பெண்ணோடு அத்தைக்குச் சண்டை. இவர் தமிழிலும் அவள் மராத்தியிலும் திட்டிக்கொள்வதால் இதுவரை யாருக்கும் சேதமில்லை. மகன் கடலுக்கு அடியில் வாத்தியார் ஆகப்போகிறான் என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் தன் இந்தியில் சொல்லி வைத்திருக்கிறார். நான் இப்போது எழுதப்போவது எதுவும் அவருக்குத் தெரியாது.

போன புதன்கிழமை உங்கள் லாக் புக் வந்தது. கையில் கட்டிக்கொண்டு முங்குகிற அந்தக் கம்ப்யூட்டரின் ஃபைலும் மெயிலில் வந்தது. இரண்டையும் எக்செலில் சேர்த்து, நூறு முழுக்கு ஆகிவிட்டது என்று பிரிண்ட் எடுத்து அனுப்பு, 21-ம் தேதி வாத்தியார் பரீட்சைக்குக் காட்ட வேண்டும், நூறு இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆபீசிலிருந்து வந்து நான்கு நாள் உட்கார்ந்து அடித்தேன். ஆபீசில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதை நீங்கள் மறந்திருக்கக் கூடாது.

முதல் எண்பத்தெட்டு முழுக்கில் தப்பு இல்லாத வரியே இல்லை. நோட்டில் பதினெட்டு மீட்டர், கம்ப்யூட்டரில் பத்தொன்பதரை. நோட்டில் நாற்பது நிமிஷம், அதில் முப்பத்தேழு. ஒரு நாள் தேதியே வேறு. படகிலேயே ஈரக் கையோடு எழுதிவிடுவேன் என்று பெருமை அடிப்பீர்களே, அந்த ஈரம் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. ஆமை பார்த்தேன் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு ‘பாறை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எண்பத்தொன்பதிலிருந்து நூறு வரை பன்னிரண்டு முழுக்கு. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆழம் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்வரை ஒத்துப்போகிறது. பக்கம் காய்ந்து மொடமொடவென்று இருக்கிறது. கையால் எழுதியது மெஷினோடு இப்படி ஒத்துப்போனால், மெஷினைப் பார்த்து எழுதியது என்றுதான் அர்த்தம்.

கூட முங்கினவர் கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தேன். மற்ற பக்கங்களில் யார் யாரோ போட்டிருக்கிறார்கள். இந்தப் பன்னிரண்டிலும் ஒரே பெயர், மும்தாஜ். பன்னிரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட மாதிரி. என் புத்தி எங்கே போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாளும் நீங்கள் தண்ணீரில் இல்லை, அந்தப் பெண்ணோடு வேறெங்கோ இருந்தீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை காய்ச்சல் என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்.

பிறகு நிமிஷக் கணக்கைப் பார்த்தேன். சிலிண்டர் காற்றின் அழுத்தம் இருநூறில் தொடங்கி ஐம்பதில் மேலே வருவது உங்கள் வழக்கம். அந்தக் காற்று உங்களுக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை. பர்வதி மலைப் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய ஆள் நீங்கள். ஆனால் இந்தப் பன்னிரண்டில் அதே ஆழம், அதே காற்று, ஐம்பத்தெட்டு நிமிஷம், அறுபத்தொரு நிமிஷம். ஒரே ராத்திரியில் யாருக்கும் நுரையீரல் மாறாது. கடலில் இறங்கியது உங்கள் கம்ப்யூட்டர், அது இருந்தது வேறு ஒருவர் கையில். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு என்னிடம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

திங்கள்கிழமை நீங்கள் வேலை செய்யும் டைவிங் கடைக்கு ஃபோன் செய்தேன். கோபப்படாதீர்கள். கராடியில் ஒரு கம்பெனியிலிருந்து பேசுகிறேன், பத்துப் பேர் வருகிறோம், ரவிச்சந்திரன் என்பவர் நன்றாகக் கூட்டிப்போவாராமே என்று இந்தியில் பொய் சொன்னேன். எடுத்தது மும்தாஜ்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். அவர் டிசம்பர் கடைசியிலிருந்து தண்ணீரில் இறங்குவதில்லை மேடம், ஒரு நாள் முங்கி மேலே வரும்போது காதிலிருந்து ரத்தம் வந்தது, செவிப்பறை கிழிந்துவிட்டது, இப்போது படகைத்தான் பார்த்துக்கொள்கிறார், நான் உங்களைக் கூட்டிப்போகிறேன் என்றாள். என் கைக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்த நல்ல மனிதர் என்றும் சேர்த்துச் சொன்னாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. என்ன சொல்லி அவளிடம் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினீர்கள் என்பது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொங்கல் அன்று ஃபோனில் பேசும்போது என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அத்தை சிக்னல் சரியில்லை என்று ஃபோனை என்னிடம் தந்தார். நானும் கத்திக் கத்திப் பேசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, வடை நன்றாக வந்ததா என்று கேட்டீர்கள்.

ரவி, ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்தால் என்னிடம்தான் வந்து நிற்கிறது. வேலையை விட்ட அன்று உங்கள் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் நம் ஹாலில் உட்கார்ந்திருக்க, நான் சொன்னேன்: “எட்டு மாசத்துல திரும்பி வந்து அதே நாற்காலில உட்காருவீங்க, பாத்துட்டே இருங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். இப்போது எட்டாவது மாதம். கிழிந்த காதோடு என்னிடம் வருவதைவிடப் பொய்யாக ஒரு புத்தகம் எழுதுவது உங்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. அது என் தப்பு. அதை நினைத்தால் மும்தாஜைச் சந்தேகப்பட்டதைவிட அதிகமாக வலிக்கிறது.

ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பரீட்சையில் தண்ணீருக்குள் இறங்கித்தானே ஆக வேண்டும். ஆறாத காதோடு இறங்கினால் உள்ளே தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்றே தெரியாது என்று ஔந்தில் ஒரு காது டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தேன். பாஸ் ஆகிவிட்டாலோ, நாளைக்கு யார் வீட்டுப் பிள்ளையோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். நீங்கள் இறங்காத பன்னிரண்டு முழுக்கை நம்பி இறங்கும்.

அதனால் நான் அச்சடித்தது எண்பத்தெட்டு வரிதான். கடைசியில் மொத்தம் எண்பத்தெட்டு என்று போட்டுக் கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். நோட்டில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தை நான் கிழிக்கவில்லை. உங்கள் புத்தகம், உங்கள் கை. இந்தப் பார்சல் கிடைத்த அன்றே போர்ட் பிளேருக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். அவர் எழுதித் தருவதை எனக்கு அனுப்புங்கள். நீங்கள் சொல்வதை அல்ல, அவர் எழுதியதை.

காது ஆறி, டாக்டர் சம்மதித்தால் மறுபடியும் போங்கள், மீதிப் பன்னிரண்டையும் இறங்கி முடியுங்கள். தப்புத் தப்பாக எழுதி அனுப்புங்கள், நான் அடித்துத் தருகிறேன். ஆறாவிட்டால் அந்த நாற்காலியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அத்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதைக்கு எண்பத்தெட்டோடு வீட்டுக்கு வாருங்கள். எந்தக் காது என்று மும்தாஜிடம் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதை மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது நான் மற்றப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள்
கோதை