ராக்காயி அறையில் ஐந்து பாம்புச்செடிகள்

மார்ச் 3, திங்கள்

மத்தியானம் மனைவி ராக்காயியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். ஜன்னலோரம் ஐந்து தொட்டிகளில் பாம்புச்செடி. பச்சைத் திரைக்குள் வெயில் புகுந்து, அந்த நெட்டை இலைகளின் நடுவே வரும்போது, அறையே ஏதோ குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஈப்போவில் அவள் துப்புரவு வேலை பார்த்த ஆபீஸை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த செடிகள் இவை. பஸ்ஸில் ஒவ்வொன்றாக மடியில் வைத்து லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் கிண்டல் செய்தேன்.

அவளுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய் நான்கு மாதம். இடது கை மட்டும் மிச்சம். இப்போது செடிகளைப் பார்ப்பது நான்தான். காலையில் சாமி மேடைச் செம்பில் தண்ணீர் மாற்றுவேன். பழைய தண்ணீரைக் கால் மிதிபடும் இடத்தில் ஊற்றக்கூடாது. வாசலோ முழுக்க சிமெண்ட். அதனால் இந்தத் தொட்டிகளில் ஊற்றிவிடுகிறேன். ஊற்றும்போதெல்லாம் ராக்காயி கையைத் தூக்குகிறாள். பாவம், கும்பிட ஒரு கைதானே இருக்கிறது. பார்க்க மனசு நிறைகிறது.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. இருவரும் தூங்கினோம். எழுந்தபோது காலையா மாலையா என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் தினேஸ்வரி தஞ்சோங் மாலிமிலிருந்து வந்தாள். அவள் வேலை செய்யும் கார் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் கிடைக்குமாம். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அம்மாவுக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியுதாப்பா?”

தெரியும் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவன். எனக்குத் தெரியாதா?

மார்ச் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் விளக்கு, செம்பு எல்லாம் கழுவினேன். தண்ணீர் நிறைய. எல்லாம் தொட்டிகளுக்கே. இன்று ராக்காயி தூக்கிய கையை இறக்கவே இல்லை, கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. பக்தி. நெற்றியில் விபூதி பூசிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

ஓர் இலை சாய்ந்திருக்கிறது. தாகமோ? கூட ஒரு குவளை ஊற்றினேன்.

மார்ச் 22, சனி

மத்தியானத் தூக்கத்தில் கனவு. பழைய எஸ்டேட்டில் விடியற்காலைப் பெரட்டு, பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் நேரம். பனிக்குள் வரிசையாக நிற்பது ஆட்கள் இல்லை, பாம்புச்செடிகள். யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள். ராக்காயி பெயரைக் கூப்பிட்டபோது எந்தச் செடியும் பதில் சொல்லவில்லை.

விழித்தால் அறையில் நாற்றம். சாய்ந்த இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் கொழகொழவென்று அழுகல். பக்கத்து வீட்டு மங்களத்தைக் கூப்பிட்டேன். தொட்டியைப் பார்த்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இதுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ ஊத்துனா போதும் அண்ணே. அக்கா சாமி தண்ணிய பின்பக்கச் சந்துல இருக்கிற கறிவேப்பிலைக்குத்தான் தெனமும் கொண்டுபோய் ஊத்துவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. முப்பத்தாறு வருஷமாக அந்தச் செம்பு எந்த வாசல் வழியாகப் போனது என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படியென்றால் அந்தக் கை? கும்பிடவே இல்லை. வேண்டாம், வேண்டாம்னு தெனமும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. நான் விபூதி வேற பூசினேன். மடப்பய.

மார்ச் 23, ஞாயிறு

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. மங்களம் சொன்னபடி அழுகிய கிழங்கை வெட்டி எறிந்து, மிச்சத்தைக் காயப் போட்டிருக்கிறேன். மூன்று நாள் கழித்து மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். மூன்று செடிகள் தேறலாம். இரண்டு போய்விட்டன. ராக்காயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னிச்சிரு என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

ஏப்ரல் 2, புதன்

இப்போது எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்கிறேன். வேண்டாமென்றால் கையைத் தூக்குகிறாள். வேண்டுமென்றால் கண்ணை மூடித் திறக்கிறாள். அவ்வளவுதான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு டிவியில் நான் போட்டுவிடும் நாடகத்துக்குக் கை தூக்கிவிட்டாள். திரையை விலக்கவா என்றதற்குக் கண்ணை மூடித் திறந்தாள். விலக்கினேன். தூரத்துச் சுண்ணாம்பு மலை உள்ளே வந்ததுபோல் இருந்தது. இருட்டும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. செடியைக் கொன்றவனோடு இருக்க அவள் ஏன் ஆசைப்பட வேண்டும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

தினேஸ்வரி வந்தாள். இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தாள். அம்மாவையே கேளு என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தேன். விடவில்லை, உட்காரச் சொன்னாள்.

“அம்மா, தஞ்சோங் மாலிமுக்கு வாரீங்களா? நான் தெனமும் வந்து பாப்பேன்.”

ராக்காயி கையைத் தூக்கினாள். தினேஸ்வரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குனிந்து அந்தக் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அம்மா ஆசீர்வாதம் செய்கிறாள் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. நானும் அப்படி நினைத்தவன்தானே.

அது வேண்டாம் என்று அர்த்தம் என்றேன். நம்பவில்லை. நீங்களாகச் சொல்கிறீர்கள் என்றாள். அப்படியானால் நீங்கள் கேளுங்கள் என்றாள்.

இரண்டு தடவை செருமிக்கொண்டேன்.

“இங்கயே... எங்கிட்டயே இருக்கியா ராக்கு?”

கை போர்வைமேல் கிடந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடினாள், திறந்தாள்.

தினேஸ்வரி தன் வாயாலேயே இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில். பிறகு அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது பாரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலைக் கஞ்சியில் உப்பு கூடிவிட்டது. கை தூக்கினாள். வேறு வைத்தேன்.