நாகு வந்த நாள்

அண்ணை,

இன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கம்பளிக் கோட்டு மழையில் நனைந்திருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்தேன். நனைந்த மாட்டு மயிரின் மணம் அது. மூன்று வருடமாகியும் என்னை விடவில்லை.

ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த வருடம். இருதய வால்வு மாற்றிய பிறகு துறைமுகத்து லொறி வேலையை விட்டுவிட்டு, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சின்னப் பண்ணை ஒன்றை வாங்கினீர்கள். நகரத்தில், பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டை விட்டு வர அண்ணிக்கு மனமில்லை. "வளக்கிறதெண்டால் கோழி போதும்" என்றார். உங்களுக்கோ லொறிக்குள் இருந்து வேலிக்கப்பால் பார்த்த ஹைலண்ட் மாடுதான் வேண்டும். கண்ணை மறைத்து மயிர் தொங்கும், பனிக்குள்ளும் வெளியில் நிற்கும் செம்மாடு.

இன்னும் கன்று போடாத இளம் நாகு ஒன்றைக் கொண்டுவரப் போனபோது பிரெஞ்சு கதைக்க என்னைக் கூட்டிப்போனீர்கள். விற்றவர் தயங்கினார். இவள் தாயை விட்டு ஒரு நாளும் தனியே நின்றதில்லை, ஒரு கிழமை பொறுத்து வாருங்கள் என்றார். நான் அதை உங்களுக்குச் சொன்னேன்.

"பேந்து பனி கொட்டத் தொடங்கியிடும். இண்டைக்கே ஏத்துவம்."

திரும்பி வந்த வழி முழுக்க மழை. பின்னால் இழுத்து வந்த வண்டிக்குள் ஒரு சத்தமுமில்லை. கத்துவாள், உதைப்பாள் என்று காது கொடுத்தபடியே வந்தேன். "நல்ல பிள்ளை" என்றீர்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

பண்ணையில் கதவைத் திறந்தும் அவள் இறங்கவில்லை. மூலையில் ஒட்டி நின்றாள். நீங்கள் உள்ளே கால் வைத்தீர்கள்.

"அண்ணை, உள்ளுக்குப் போகாதேங்கோ."

"பயப்பிடுறாள். நான் கதைச்சால் வருவாள்."

அவள் ஒரு தடவைதான் தலையைத் திருப்பினாள். கொம்பு உங்கள் இடது விலாவுக்குக் கீழே பட்டு, முதுகு தகரத்தில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு அமைதியாக இறங்கிப்போய் புல்லில் வாய் வைத்தாள். நீங்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தீர்கள்.

"ஒண்டுமில்லை. சும்மா தட்டினவள்."

"இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவம்." சின்ன அடி பட்டாலும் உடனே வரவேண்டும் என்று தாதி சொன்னதை உங்களுக்கு மொழிபெயர்த்தவளே நான்தான்.

"உன்ர அண்ணிக்குத் தெரிஞ்சால் நாளைக்கே மாட்டைத் திருப்பி அனுப்பிப்போடுவாள். நீ ஒண்டும் கதையாதை."

அதற்குள் அண்ணி குடையோடு வந்துவிட்டார். நாகு அவர் கையை முகர்ந்தது. அந்தப் பண்ணைக்கு வந்தபின் அண்ணி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று மெல்லத் தலையாட்டினீர்கள். நான் வண்டிக் கதவைச் சாத்தப் போனேன். சாப்பாட்டு மேசையில் உங்கள் நெற்றி வியர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் வீட்டுக்குக் கார் ஏறினேன்.

விடியத் தொலைபேசி அடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, எங்காவது அடிபட்டாரா என்று வைத்தியர் கேட்டார். அதை நான்தான் தமிழில் அண்ணிக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லையே" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானே கூட நிண்டனி?"

"இல்லை அண்ணி. ஒண்டும் படேல்லை."

வைத்தியருக்கும் அதையே பிரெஞ்சில் சொன்னேன். குளிசைதான் காரணம் என்று அண்ணி இன்றைக்கும் நம்புகிறார்.

அவர் பண்ணையை விற்கவில்லை, அண்ணை. மாட்டை நீங்கள் தனக்கென்று விட்டுப்போனதாகச் சொல்கிறார். அது இப்போது முதல் கன்று போட நாள் பார்த்து நிற்கிறது. கொம்பு இரண்டும் என் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் உண்மையைச் சொல்லிவிட என்றே போகிறேன். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒன்றையும் பறித்துவிடுவேனோ என்ற பயத்தில் சொல்லாமல் திரும்பி வருகிறேன்.

போன ஞாயிறு அண்ணி தொழுவச் சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் நின்று அதன் மயிரைச் சீவிக்கொண்டிருந்தார். மாடு ஒரு சத்தமும் போடாமல் நின்றது.

"அண்ணி, வெளியில வாங்கோ."

"ஏன், இவளுக்கு நீ பயப்பிடுறியே? இவள் என்னை என்ன செய்யப்போறாள்?"

உண்மை வாய் வரை வந்தது. "கால் வழுக்கும், அதுதான்" என்றேன்.