எங்க சனத்துல இல்லீங்க

யேசு மரி சூசை துணை

புதுச்சத்திரம்,
12-2-1961

வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் என் அன்பான வீட்டுக்காரர் அவர்களுக்கு, தெரசம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகள் ஞானமேரியும் சுகம். டீக்கடையும் பரவாயில்லாமல் நடக்கிறது. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுதிக்கொடுத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. லாரி ஓட்டின கைக்கு இவ்வளவு முத்து முத்தான எழுத்து எந்தக் காலத்தில் வந்தது? அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் கடைசி நாலு வரிக்கு நன்றி கிடையாது. இனி ஊருக்கு வரப்போவதில்லை, அங்கேயே மடத்து விடுதியில் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன், என்னால் மகளுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பதில் சொல்லுமுன் டாக்டர் கேட்ட விஷயத்தை எழுதுகிறேன். நடை தள்ளாடி, நாக்குக் குழறி, கை நடுங்குகிற இந்த நோய் பரம்பரையாக வருவது, வெள்ளைக்காரர் தேசத்திலும் உண்டு, சில ஊர்களில் நிறைய, சில ஊர்களில் தேடினாலும் கிடைக்காது, நம் பக்கத்தில் எந்தச் சனத்தில் எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, வீட்டாரை விட்டு விசாரிக்கச் சொல் என்றாராம். விசாரிக்க நம் கடையை விட நல்ல இடம் ஏது? சேலம் பஸ்ஸும் நாமக்கல் பஸ்ஸும் நின்று போகிற இடம். டீ ஆறுவதற்குள் குலம் கோத்திரம் முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் பால் ஊற்றுகிற அங்கமுத்துவைக் கேட்டேன். எங்க சனத்துல இல்லீங்க, ராசிபுரத்துத் தறிக்காரங்ககிட்ட உண்டுன்னு கேள்வி என்றார். ராசிபுரத்திலிருந்து பட்டு மூட்டையோடு இறங்கிய நெசவாளரைக் கேட்டால், எங்களில் அது கிடையவே கிடையாது, ஆத்தூர்ப் பக்கம் இருக்கலாம் என்றார். ஆத்தூர்ப் பக்கத்து வளையல்காரி ஒருத்தி வந்தாள். அங்கெல்லாம் இல்லை, இதே புதுச்சத்திரத்தில் கிறிஸ்து வேதக்காரர் வீடு ஒன்றில்தான் இருக்கிறதாம், குடித்துக் குடித்து வந்ததாம் என்று என்னிடமே சொன்னாள். அவளிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிய கேள்வியை நம் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினாளே, அந்தக் கூலிக்கு.

மறுநாள் அங்கமுத்து பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய அண்ணன் சடையன் மைசூர்ப் பக்கம் பிழைக்கப் போனதாக நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அவர் எங்கும் போகவில்லை. கிணற்று மேட்டுச் சாளைக் குடிசையில்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"எங்கண்ணனுக்கும் இதேதானுங்க. குடிச்சிருக்கான்னு போலீசு ரெண்டு தடவ புடிச்சுட்டுப் போயிருச்சு. அவரு கள்ளு மொந்தையத் தொட்டதே இல்லீங்க. உங்க ஊட்டுக்காரரு ராயப்பண்ணனுக்கு அங்க என்ன வைத்தியம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உங்களைப் போலீஸ் பிடித்த நாள் ஞாபகம் வந்தது. பூசைக்குப் போய்த் திரும்புகிறவரை நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி, மோந்து பார்த்துவிட்டு, வாடையே வராத சரக்கு எங்கே கிடைக்கிறது என்று அந்தப் போலீஸ்காரன் கேட்டானாமே. நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வெளிச்சத்தில் நீங்கள் ரோட்டுக்கு வரவே இல்லை.

ஆகையால் டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள். எந்தச் சனத்தில் அதிகம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விசாரித்த வரையில் ஒவ்வொருவரும் அதைப் பக்கத்துச் சனத்தின் தலையில் கட்டிவிட்டு, தன் வீட்டில் இருப்பதைச் சாளையில் ஒளித்து வைக்கிறார்கள். மதுவிலக்கு வந்த ஜில்லாவில் தள்ளாடுகிறவன் எல்லாம் குடிகாரன்தான். எண்ண வருகிறவர் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உங்கள் தங்கை இன்னாசிமேரி விஷயம். இரண்டு பக்கமும் ஒரே ரத்தம், ஞானமேரியை அவள் மகன் யாகப்பனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதினீர்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுவது சுலபம். சொந்த அத்தை மகன், தொட்டிலில் கிடந்தபோதே பேசின உரிமை. நெருங்கின உறவில் கட்டிக்கொடுக்கப் பிஷப்பாண்டவர் தரவேண்டிய உத்தரவும் வந்துவிட்டதாகச் சுவாமியார் சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதை நிறுத்திவிட்டு, குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

இன்னாசிமேரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து உரிமையை அறுக்க வந்தீர்களா என்று கேட்டாள். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே, நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கோபத்திலும் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தாள். எழுந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். தரை ஈரம் என்றாள். தரை காய்ந்து கிடந்தது.

நான் சண்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, எனக்கும் வந்திருச்சுங்க. ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. சொவுத்தப் புடிச்சே நடந்துட்டு இருக்கறேன்."

வெளியே தெரியுமுன் மகன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவசரப்பட்டிருக்கிறாள். இருவரும் அழுதோம். பிறகு யாகப்பனை அவளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். தறியை நிறுத்திவிட்டு வந்தவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். தங்கமான பிள்ளை. நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஞானமேரியிடமும் மறைக்கவில்லை. யாகப்பனை நினைத்து அழுதாள், இல்லையென்று பொய் எழுத மாட்டேன். பிறகு, எனக்கும் வருமா அம்மா என்று கேட்டாள். சிலருக்கு வரும், சிலரை விட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். அவள் குடத்தோடு வரும்போது நான் அவள் காலையே பார்க்கிறேன். நேற்று அதை அவள் கவனித்துவிட்டாள். "நல்லாத்தான் நடக்கறேன், நீ அடுப்பப் பாரு" என்றாள். இனிமேல் பார்க்கக் கூடாது என்று இருக்கிறேன். முடியவில்லை.

இப்போது அந்த நாலு வரிக்கு வருகிறேன். மகளுக்காக ஒளிந்துகொள்கிறேன் என்கிறீர்கள். சர்வேசுரன் அப்படி ஒரு நாளைக் கொண்டுவர வேண்டாம், ஆனால் நாளைக்கு அவளுக்கும் வந்தால் அவளை எந்த மடத்து மூலைக்கு அனுப்பச் சொல்வீர்கள்? அப்பா இப்படித்தான் போனார், நானும் போகிறேன் என்பாளே. நீங்கள் இந்த ரோட்டில் பட்டப்பகலில் தள்ளாடி நடந்து, கடையில் உட்கார்ந்து டீ குடித்து, நாலு பேரோடு சண்டை போட்டு வாழ்ந்து காட்டினால்தான் அவளுக்குத் தைரியம் வரும். கல்யாணப் பேச்சு பாஸ்குப் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம். வருகிறவனிடம் எல்லாம் சொல்லித்தான் கொடுப்போம். ராயப்பண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் நானும் எங்கண்ணனைச் சாளையிலிருந்து கூட்டி வருகிறேன் என்று அங்கமுத்துவும் சொல்லியிருக்கிறார்.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் இன்னாசிமேரியும் சேலத்தில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி வருகிறோம். அவளையும் அந்த டாக்டரிடம் காட்டிவிட்டு மூவருமாகத் திரும்புவோம். கடையை ஞானமேரி பார்த்துக்கொள்வாள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் நடுவில் நிற்பேன், அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் பார்க்கட்டும். விழுந்தால் மூவரும் சேர்ந்தே விழுவோம்.

முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருங்கள். வர வேண்டாம் என்று மட்டும் எழுதிப் போடாதீர்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

தேவமாதா உங்கள் கால்களைக் காக்கட்டும். மாதா மறந்த நேரத்துக்கு நான் இருக்கிறேன்.

உங்கள்
தெரசம்மாள்