முதல் சரக்கின் பெயர்

துபாய்

அன்புள்ள ஹாலிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியதா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் லீவில் வரும் மீரா சாகிப் காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது. கரண்டும் நெட்வொர்க்கும் போனாலும் கடையின் சரக்கு விவரம் நின்றுபோகாத ஆப் ஒன்றை இரண்டு வருஷமாக எழுதினேனே, அதை ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளில் கடை நடத்தும் பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. நைரோபியிலிருந்து அவர்களுடைய தொழில்நுட்பத் தலைவி அமானி வந்திருந்தார். எங்கள் மேனேஜர் தானே எழுதியதாகச் சொல்லி விளக்கினார். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சோதித்துப் பார்க்க நான் ஏற்றிய முதல் சரக்குக்கு நம் மகள் பெயரை வைத்திருந்தேன். அமானி அதைத் திரையில் பார்த்துவிட்டார்.

"மர்ஜானாவா? அழகான பெயர். யார் இது?"

மேனேஜர் விழித்தார். அமானி என்னைப் பார்த்தார். எனக்கு விசா புதுப்பிக்கிற மாதம் இது, அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும்.

"யாருமில்லை மேடம். சும்மா ஒரு பெயர்" என்றேன்.

அவர் போனதும் மேனேஜர், "ஷாபாஷ் ராஜிக் பாய்" என்று முதுகில் தட்டி, அந்தப் பெயரை அழித்துவிடச் சொன்னார். அழித்துவிட்டேன்.

அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டு இருக்கும், காக்காவிடம் கொடுத்துவிடு. மர்ஜானா எழுதி முடித்த நோட்டு ஏதாவது கிடந்தால் அதையும் வை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. வாப்பா செய்த ஆப் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறாளாமே, ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடு.

உன்
ராஜிக்