சல்லடைச் சுவர்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் வக்கீல் ஆபீஸைப் புதுப்பித்துத் திறந்தாயிற்று. என் அறைக்குச் சுவர் இல்லை.

இருந்த செங்கல் சுவரை இடித்துவிட்டு, ஏதோ பழைய மாளிகையில் கழற்றிய மரத் தடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பூவும் கொடியுமாகச் செதுக்கல். இடையிடையே கட்டைவிரல் நுழையும் துளைகள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் சோபா. அண்ணன் அறைக்கும் அதே சல்லடைதான். நடுக்கூடத்தில் ஒரு பழைய வாசற்கதவைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி போட்டு மீட்டிங் மேஜை. சுற்றிலும் சாம்பல் நிற நாற்காலிகள், வெள்ளைச் சுவர்கள். எல்லாம் அண்ணி வடிவமைத்தது. அதற்கென்றே படித்தவள். குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சலே.

“பழசும் புதுசும் எப்படிக் கைகோத்து நிக்குது பாத்தியா?” என்றான் அண்ணன், தானே உளி பிடித்துச் செதுக்கினவன் மாதிரி.

“நான் பாக்கறது குடும்ப கேஸ். வெளிய உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்காதா?”

“மெதுவாப் பேசு. உனக்குத்தான் எப்பவும் பெரிய குரல்.”

எனக்குப் பெரிய குரலாம்! எதிரே உட்கார்ந்து அழுகிறவளிடம், ‘கொஞ்சம் சத்தமில்லாமல் அழும்மா’ என்று சொல்லட்டுமா?

மார்ச் 5, வியாழன்

சோதித்துப் பார்த்தேன். குமாஸ்தாவை என் நாற்காலியில் உட்காரவைத்து, எதையாவது பேசுங்கள் என்று சொல்லிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். மனுஷன் தன் மாமனாரைத் திட்ட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் ஆபீஸில் சுவருக்கு வாயும் உண்டு.

அண்ணனிடம் சொன்னேன். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வருகிறார்களாம். அது முடியட்டும், பார்க்கலாம் என்றான்.

மார்ச் 9, திங்கள்

போட்டோ எடுத்தார்கள். கதவு மேஜையில் சாய்ந்து நின்றுகொண்டு அண்ணன் பேட்டி கொடுத்தான். “பாரம்பரியத்தையும் நவீனத்தையும் இணைக்கணும்ங்கறது என்னோட நெடுநாள் கனவு.” என்னோட! அண்ணி பூச்சாடியை நகர்த்திவைத்துவிட்டு ஓரமாக நின்றாள். ஒரு படத்திலும் அவள் இல்லை. எனக்குப் பரிதாபம் வரவில்லை. என் சுவரை இடித்தவள் அவள்தானே?

மார்ச் 12, வியாழன்

இன்று டீச்சர் வந்தார். இரண்டு மாதமாக என்னிடம் வருகிறவர்; கணவனின் அடி தாங்காமல் பிரியப் போகிறவர். வெளியே எங்காவது போய்ப் பேசலாம் என்றேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தார். ஃபேனை வேகமாக வைத்து, நாற்காலியை ஒட்டிப் போட்டுப் பேசினோம். சனிக்கிழமை மகளோடு வெளியேறுகிறார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று. அதுவரை கணவனுக்குத் தெரியக் கூடாது. சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டார்.

சோபாவில் அண்ணனைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். நாம்தான் அதிகமாகப் பயப்படுகிறோமோ?

மார்ச் 13, வெள்ளி

அதிகமாகப் பயப்படவில்லை. குறைவாகப் பயந்திருக்கிறேன்.

காலையில் டீச்சரின் போன். “மேடம், நேத்து சாயந்தரமே பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்க இருக்கான்னே தெரியல. வீடு பாத்தது வரைக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. உங்களைத் தவிர நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்களா மேடம் சொன்னீங்க?”

பேப்பருக்குப் பின்னால் இருந்த அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னேன்; டீச்சரின் கணவனுக்குச் சித்தப்பாவாம். முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. குரலே போதுமாக இருந்திருக்கிறது.

நீங்களா சொன்னீங்க — இதைக் கேட்டபிறகு எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

நேரே அண்ணியிடம் போய்க் கத்தினேன். “உங்க பூவும் கொடியும் ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிச்சிடுச்சு. சந்தோஷமா?” வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “தடுப்புக்குப் பின்னால ரெட்டைக் கண்ணாடி போட்டுத்தான் நான் பிளான் கொடுத்தேன்மா. கண்ணாடி இருந்தா போட்டோல பளபளன்னு அடிக்கும், பழமை தெரியாதுன்னு உங்கண்ணன்தான் எடுக்கச் சொல்லிட்டாரு. வக்கீல் ஆபீஸுக்கு ஆகாதுன்னு சொன்னேன். ‘உனக்கு வக்கீல் தொழில் தெரியுமா’ன்னு கேட்டாரு.”

எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 14, சனி

அண்ணன் சொன்னது இது: “நடந்தது நடந்துபோச்சு. அவ என்ன பெரிய கட்சிக்காரியா? விடு.”

விடவா? குழந்தையைக் கண்டுபிடிக்க அவசர மனு போட்டிருக்கிறேன். டீச்சர் கையெழுத்து போட வந்தார். ஆபீஸுக்கு உள்ளே வர மறுத்துவிட்டார். தெருவில், ஸ்கூட்டர் சீட்டின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணனின் பெரிய கட்சிக்காரர், லாரி முதலாளி, நேற்று அவன் அறையில் தொழில் கூட்டாளியைக் கழற்றிவிடும் யோசனை பேசியிருக்கிறார். சோபாவில் இருந்த யாரோ சிரித்துவிட்டார்களாம். முதலாளி எழுந்து போய்விட்டார். இன்று காலை நான் வருவதற்குள் அண்ணன் அறைக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. இரட்டைக் கண்ணாடி. அண்ணி வரைந்தது வரைந்தபடி.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

“எனக்கு?” என்றேன்.

“உன் பக்கம் அப்புறம் பாப்போம். அங்க அப்படி என்ன ரகசியம்? புருஷன் பொண்டாட்டி சண்டைதானே.”

மீட்டிங் மேஜையில் ஓங்கி அடித்தேன். கை இன்னும் வீங்கியிருக்கிறது. குமாஸ்தா, ஜூனியர்கள், அண்ணி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். “உன் லாரிக்காரன் ரகசியம் பொன்குடம், என் டீச்சரோடது மண்குடமா?” என்று கேட்டுவிட்டு, என் கேஸ் கட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா விட்டுப்போன ஆபீஸ். ஆனால் ஆகட்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

தையற்கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலில் பாதி கதவு இல்லை. நான்கு பக்கமும் முழுச் செங்கல். ஒரு மேஜை, மூன்று நாற்காலி. படம், பூச்சாடி, பித்தளை, ஒரு மண்ணும் இல்லை.

டீச்சர் வந்தார். கோர்ட் உத்தரவின்பேரில் பாப்பா போன வாரம் அம்மாவிடம் வந்துவிட்டாள். “நீங்க சொல்லலேன்னு தெரியும் மேடம். ஆனா அந்த ராத்திரி தெரியலையே,” என்றார்.

மே 2, சனி

பத்திரிகை வந்துவிட்டது. நடுப்பக்கம். அண்ணன் முழுப்பல்லும் தெரியச் சிரிக்கிறான். கிழித்துப் போட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

சாயங்காலம் அண்ணி வந்தாள். அண்ணன் தூது அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, “திரும்பி வரமாட்டேன் அண்ணி, சொல்லிடுங்க” என்றேன் எடுத்த எடுப்பிலேயே.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“நான் அவருக்காக வரல. எனக்காக வந்திருக்கேன்.” ஒரு பல் டாக்டரின் ஆபீஸை வடிவமைக்கத் தனியாக ஒப்புக்கொண்டாளாம், முதல்முறையாகத் தன் பெயரில். “வரைஞ்சதையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாரு. தடுத்ததுக்கு...” முழங்கைக்கு மேல் சேலையை விலக்கிக் காட்டினாள். ஐந்து விரல் தடமும் தெரிந்தது. “இது முதல் தடவை இல்லம்மா. என்னால இனி முடியாது. அவரு உன் கூடப்பிறந்தவருன்னு தெரியும். ஆனா நீ இவ்வளவு கோவக்காரின்னும் தெரியும். அதான் வந்தேன்.”

எத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம்! அந்தக் கை எனக்குப் பரிமாறிய கை.

“எதிர்த் தரப்பு என் அண்ணன். இந்த கேஸை நான் நடத்தக் கூடாது அண்ணி. எனக்குத் தெரிஞ்ச நல்ல வக்கீல் ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

அவள் முகம் விழுந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல,” என்றேன். “வக்கீலாத்தான் வர முடியாது. சாட்சியா வரேன்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் மேஜைமேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். நான் தடுக்கவில்லை.